நெவாடாச் சாலையில் அவர் மறந்துபோன மத்தியானம்

கப்பலின் மேல்தட்டில் நின்றுகொண்டு என் கணவர் எனக்குக் கையசைத்தார். நான் கீழே மணலில் நின்று கைப்பேசியில் படம் பிடித்தேன்.

மரத்தால் கட்டிய பெரிய கப்பல் அது. அதிலிருந்து கடலைப் பார்க்க வேண்டுமென்றால் நாள் முழுக்கக் கார் ஓட வேண்டும். சுற்றிவர முள்ளுப் பற்றைகளும் வெளுத்த மண்ணும்தான். கப்பலின் முகப்பில் யாரோ பச்சை மையால் ஒரு கண் வரைந்திருந்தார்கள். அது வெயிலில் பொருக்குத் தட்டி உரிந்து கிடந்தது.

இவர் திருகோணமலைக்காரர். துறைமுகத்தைப் பார்த்தபடி வளர்ந்தவர். “தண்ணியில்லாத இடத்தில கப்பல் கட்டினவன்ர கெட்டித்தனத்தைப் பார்க்கத்தான் வேணும்” என்று காலையிலிருந்தே சொல்லிக்கொண்டு வந்தார்.

ஏணியால் இறங்கி வந்தபோது முகம் சிவந்து வியர்வை ஓடியது. கப்பலின் நிழலில் ஒரு பீப்பா இருந்தது. அதற்குள் ஐஸ்தண்ணீரில் சோடாப் போத்தல்கள் மிதந்தன. அந்த இடத்தைப் பார்த்துக்கொள்ளும் டோட்டி என்ற வயதான வெள்ளைக்கார அம்மா, வேண்டுமானால் முகம் கழுவிக்கொள்ளும்படி சைகை காட்டினார். இவர் முகம் கழுவவில்லை. முழுத்தலையையும் அந்த ஐஸ்தண்ணீருக்குள் அமிழ்த்தி எடுத்தார்.

நிமிர்ந்தவர் தண்ணீர் சொட்டச் சொட்ட அப்படியே நின்றார். கப்பலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“இஞ்சரும், இது எந்த இடம்?” என்றார்.

பகிடி விடுகிறார் என்று நினைத்தேன். “தெரியாதா, திருகோணமலைத் துறைமுகம்” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. வெள்ளை நிற வாடகைக் காரைச் சுட்டி, “அது ஆற்ற கார்? நாங்கள் எப்பிடி இஞ்ச வந்தனாங்கள்?” என்று கேட்டார். குரலில் விளையாட்டே இல்லை. சந்தையில் தாயின் கையைத் தவறவிட்ட பிள்ளையின் முகம்.



பனிக்காலத்து வீடியோக்கள்

மொன்றியலில் விமான நிலையமுள்ள டோர்வலில் விமானங்களுக்குச் சாப்பாடு அடுக்கும் சமையற்கூடத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த கதையைச் சென்ற வாரம் எழுதியிருந்தேன். என் கணவர் யோகராசாவும் சமையற்காரர்தான். டவுன்டவுனில் ஓர் உணவகத்தின் நிலக்கீழ்ச் சமையலறையில் நெடுங்காலம் வேலை. அங்கே ஜன்னல் கிடையாது. மெட்ரோவால் ஏறி வெளியே வந்தால்தான் பனி கொட்டுகிறதா வெயில் எறிக்கிறதா என்று தெரியும்.

இடைவேளையில் மற்றவர்கள் கிரிக்கெட் பார்ப்பார்கள். இவர் பாலைவனம் பார்ப்பார். அமெரிக்கப் பாலைவனச் சாலைகளில் யார் யாரோ காரோட்டிக்கொண்டு போய் எடுத்துப் போடும் வீடியோக்கள். சாலையோரத்தில் வீட்டளவு உயரத்தில் ஒரு சீமெந்து ஆமை. கிளைகளெல்லாம் பழைய சப்பாத்துகள் தொங்கும் மரம். வெறும் போத்தல்களால் கட்டிய வீடு. பைத்தியம் பிடித்தவர்கள் செய்தது மாதிரி இருக்கும். ஆனால் பார்க்கத் தொடங்கினால் விட முடியாது.

வீட்டுக்கு வந்த பிறகும், மொன்றியலில் ஜனவரிக் குளிர் ஜன்னல் கண்ணாடியில் உறைந்து படிந்திருக்கும் நேரத்தில், போர்வைக்குள் இருந்து எனக்குக் காட்டுவார். “பாரும், இவனுக்கு என்ன வேலை? ஒரு மனுசன் மினக்கெட்டு இதைச் செய்திருக்கிறான்” என்று வியப்பார்.

இந்த வருடம் பனி கரைந்த பிறகு எங்கள் மகள் நிவேதா எங்கள் இருவருக்கும் லாஸ் வேகாசுக்கு விமானச் சீட்டு எடுத்துவிட்டாள். அவள் கர்க்லாண்டில் எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் கார்டெரி என்கிற குழந்தைகள் காப்பகம் ஒன்றில் சின்னப் பிள்ளைகளைப் பார்க்கிறாள். “அப்பா சிரிச்சு கன நாள், அம்மா. கூட்டிக்கொண்டு போங்கோ” என்றாள். அவர் ஏன் சிரிக்கவில்லை என்பது எங்கள் மூவருக்குமே தெரியும். அதைப் பிறகு சொல்கிறேன்.

போய் இறங்கி, கார் எடுத்து, ஒரு சின்ன நகரத்தில் இரவு தங்கி, காலையில் புறப்பட்டோம். ஆமையில் ஒரு நிறுத்தம். சப்பாத்து மரத்தில் ஒரு நிறுத்தம். போத்தல் வீட்டுக்குள் நீலமும் மண்ணிறமுமாக வெளிச்சம் விழ, அவர் கையை நீட்டி நீட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார். நாங்கள் கலியாணம் முடித்த புதிதில்கூட இவ்வளவு படம் எடுத்ததில்லை.

சிரியுங்க, கையைத் தூக்குங்க

எங்கள் சமையற்கூடத்தில் முதலுதவி வகுப்பு நடத்துவார்கள். பாரிசவாதம் என்று சந்தேகம் வந்தால் சிரிக்கச் சொல்லு, இரண்டு கையையும் தூக்கச் சொல்லு, ஒரு வசனம் பேசச் சொல்லு என்று படித்தது நல்ல வேளையாக ஞாபகம் வந்தது.

“இஞ்சருங்க, ஒருக்காச் சிரியுங்க.”

“என்னத்துக்கு?”

“சிரியுங்க.”

சிரித்தார். வாய் கோணவில்லை. கைகள் இரண்டும் நேராக உயர்ந்தன. என் பெயர் கேட்டேன், சொன்னார். மகளின் பெயர் சொன்னார். எங்கள் வீட்டுத் தெருவின் பெயரைப் பிரெஞ்சு உச்சரிப்போடு பிழையில்லாமல் சொன்னார். எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

“காலையில என்ன பாத்தம், சொல்லுங்க?”

யோசித்தார். நெற்றியைச் சுருக்கி, உதட்டைக் கடித்து யோசித்தார். பிறகு கப்பலைக் கண்டார்.

“இஞ்சரும், இது எந்த இடம்?” என்றார். அதே குரல். முதல் தடவை கேட்பதுபோல.

நான் பதில் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் அதே கேள்வி. மறுபடி சொன்னேன். மறுபடி அதே கேள்வி. அவர் தலையிலிருந்து தண்ணீர் சொட்டி முடியவில்லை, அதற்குள் என் பதில் எல்லாம் அவருக்குள்ளிருந்து வடிந்துவிட்டது. ஒரு மனிதன் என் கண்முன்னால் ஓட்டை வாளியாகிப் போனதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கத்த வேண்டும் போலிருந்தது. கத்தினால் அவர் பயந்துவிடுவார் என்று கையால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

என் கைப்பேசிக்கு அங்கே தொடர்பு கிடைக்கவில்லை. டோட்டி அம்மா உள்ளே ஓடித் தன் வீட்டுத் தொலைபேசியில் அவசர உதவியை அழைத்தார். திரும்பி வந்து நிதானமாக விளக்கினார். மருத்துவமனை நாங்கள் இரவு தங்கிய நகரத்தில்தான் இருக்கிறது. அம்புலன்ஸ் அங்கிருந்து வந்து, ஏற்றித் திரும்பிப் போவதென்றால் இரண்டு மடங்கு நேரம். ஆள் நடக்கிறார், பேசுகிறார் என்பதால், உன்னால் ஓட்ட முடிந்தால் நீயே கொண்டு போவதுதான் சுறுக்கு, நான் மருத்துவமனைக்குச் சொல்லி வைக்கிறேன் என்றார். அவருடைய சொந்த வண்டி இயந்திரத்தைக் கழற்றிய நிலையில் கற்களின் மேல் நின்றது.

“நீ கார் ஓட்டுவாயா?” என்று கேட்டார்.

ஓட்டுவேன் என்றேன். அது பாதி உண்மை.

நான் ஓட்டிய தூரம்

என்னிடம் லைசென்ஸ் இருக்கிறது. மூன்றாம் தரம் சோதனைக்குப் போய் எடுத்தது. முதல் இரண்டு தரமும் பரிசோதகர் பிரெஞ்சில் இடது என்று சொன்னதும் நான் வலதுபக்கம் திருப்பினேன். அதன் பிறகு நான் ஓட்டியதெல்லாம் கர்க்லாண்டிலிருந்து டோர்வலுக்கும் திரும்பி வீட்டுக்கும். நெடுஞ்சாலை வேண்டாம் என்று உள்தெருக்களால் சுற்றிப் போவேன். லொறி ஒன்று பக்கத்தில் வந்தாலே தோள் இறுகிவிடும்.

இப்போது எனக்கு முன்னால் கிடந்தது எங்கள் வீட்டிலிருந்து ஒட்டாவா வரைக்குமான தூரம், இரண்டு மணி நேர ஓட்டம். வளைவே இல்லாமல் வானத்துக்குள் போய் முட்டும் ஒற்றைச் சாலை. டோட்டி அம்மா நனைத்த துவாய் ஒன்றை இவருடைய கழுத்தைச் சுற்றிப் போட்டு, இருக்கைப் பட்டியையும் தானே பூட்டிவிட்டார். என் பக்கம் வந்து, ஜன்னலுக்குள் கையை விட்டு என் தோளில் ஒரு தட்டு.

புறப்பட்டேன்.

“நீர் ஏன் ஓட்டுறீர்?” என்றார் இவர்.

“உங்களுக்குக் கொஞ்சம் ஏலாம இரிக்கி. டொக்டரிட்டப் போறம்.”

“எனக்கு ஒண்டுமில்லை. இது எந்த இடம்?”

இப்படியே போனது. அவர் கேட்க, நான் சொல்ல. முதலில் முழு வசனமாகச் சொன்னேன். பிறகு “நெவாடா. சுற்றுலா. டொக்டர்” என்று மூன்று சொல்லாகச் சுருங்கிவிட்டது. எதிரே லொறி வரும்போது கார் குலுங்கியது. கைகள் வேர்த்து வழுக்கின. ஒவ்வொரு கையாக எடுத்துச் சட்டையில் துடைத்துக்கொண்டேன்.

நாங்கள் காலையில் வந்த சாலையிலேயே திரும்பிப் போய்க்கொண்டிருந்தோம். போத்தல் வீடு வந்தது.

“இஞ்ச பாரும்” என்று இவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “போத்தலால வீடு. நான் வீடியோவில காட்டினன் அல்லோ. நிப்பாட்டும், நிப்பாட்டும்.”

நான் நிறுத்தவில்லை. அவர் திரும்பித் திரும்பிப் பின்கண்ணாடியால் பார்த்துக்கொண்டு வந்தார். காலையில் அந்த வீட்டுக்குள் நின்று அவர் எடுத்த படங்கள் அவருடைய சட்டைப் பையில் இருந்த கைப்பேசிக்குள்ளேயே இருந்தன.

சப்பாத்து மரத்திலும் அதே மகிழ்ச்சி. “ஆர் இவ்வளவு உயரத்துக்கு ஏறிக் கட்டினது?” காலையில் கேட்ட அதே கேள்வி, அதே சொற்களில். காலையில் நான் சிரித்தேன். இப்போது சிரிப்பு வரவில்லை. அவரைப் போலவே பேசிக்கொண்டு, அவரைப் போலவே சிரித்துக்கொண்டு என் பக்கத்தில் இருப்பது யார் என்று ஒரு கணம் நினைத்தேன். அந்த நினைப்புத்தான் அன்று என்னை எல்லாவற்றையும்விட அதிரவைத்தது. முப்பது வருடம் பக்கத்தில் படுத்து எழும்பிய மனிதனைப் பார்த்து அப்படி நினைக்க வரும் என்று நான் அறிந்திருக்கவில்லை.

அக்காவோட கதைச்சீரோ?

மரம் பின்னால் போனது. பிறகு கேட்டார்.

“இண்டைக்கு ஞாயிற்றுக்கிழமையோ? அக்காவோட கதைச்சீரோ?”

அவர் சிரிக்காமல் போன கதைக்கு இப்போது வருகிறேன்.

என் மச்சாள், இவருடைய ஒரே அக்கா, சென்ற பனிக்காலத்தில் திருகோணமலையில் காலமாகிவிட்டார். தாயும் தகப்பனும் இவருடைய சின்ன வயதிலேயே இறந்துவிட, இவரைப் பள்ளிக்கூடம் அனுப்பியதும் கனடாவுக்கு ஏற்றிவிட்டதும் அவர்தான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் இருவரும் கதைப்பார்கள். காலையில் சும்மா இருந்த மனிசி மத்தியானம் நெஞ்சு நோகிறது என்று படுத்தாராம். அவ்வளவுதான்.

இங்கே பனிப்புயல். விமானங்கள் ஓடவில்லை. அங்கே அடுத்த நாளே பிரேதத்தை எடுத்துவிட்டார்கள். இவர் செத்த வீட்டைக் கைப்பேசியில் பார்த்தார், உணவகத்தின் பின்கதவடியில், ஏப்ரனோடு நின்றபடி. பார்த்து முடிந்ததும் உள்ளே போய் வெங்காயம் வெட்டினாராம். வீட்டுக்கு வந்தார், குளித்தார், சாப்பிட்டார். ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. அன்றைக்கும் இல்லை, எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவுக்கும் இல்லை, முப்பத்தோராம் நாளுக்கும் இல்லை. நானும் நிவேதாவும் அழுதோம். அவர் எங்களைத் தேற்றினார். பிறகு பேச்சுக் குறைந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் கராஜுக்குள் போய்ச் சும்மா நிற்பார்.

இப்போது அவர் என் பக்கத்தில் இருந்து, அக்காவோட கதைச்சீரோ என்று கேட்கிறார்.

எனக்குப் பொய் சொல்ல வேண்டும் என்று தோன்றவே இல்லை. உண்மையைச் சொன்னால் ஞாபகம் வந்துவிடும் என்று நினைத்தேன்.

“இஞ்சருங்க, மச்சாள் இல்ல. மோசம் போயிட்டா. பனிக்காலத்தில.”

அவர் என்னைப் பார்த்தார். நான் சாலையைப் பார்த்தேன். பிறகு அந்தச் சத்தம் வந்தது. அழுகை என்று எழுதினால் போதாது. அடிவயிற்றிலிருந்து கிளம்பி, காருக்குள் நிறைந்து, என் முதுகைத் தள்ளியது. முன்பலகையில் நெற்றியை வைத்து “அக்கா, அக்கா” என்று கூப்பிட்டார். “எனக்கு ஏன் ஒருத்தரும் சொல்லேல்லை” என்றார். “நான் போகேல்லையோ? நான் பக்கத்தில இல்லையோ?”

காரை ஓரத்தில் நிறுத்தி அவரைப் பிடித்துக்கொண்டேன். கழுத்தில் கிடந்த துவாயால் முகத்தைத் துடைத்துவிட்டேன். வெளியே அனல்காற்று, உள்ளே நாங்கள் இரண்டு பேர். நானும் அழுதேன்.

மெல்ல மெல்ல அடங்கியது. மூக்கை உறிஞ்சினார். ஜன்னலால் வெளியே பார்த்தார். தன் ஈரக் கன்னத்தைத் தடவி விரலைப் பார்த்தார்.

“இது எந்த இடம்?” என்றார்.

நான் காரை எடுத்தேன். சொன்னேன். கொஞ்ச தூரம் போனதும் மறுபடி, “அக்காவோட கதைச்சீரோ?”

அந்தக் கேள்விக்கு என்னிடம் இருந்த உண்மையை இன்னொரு தரம் அவர்மேல் போட எனக்குத் தெம்பில்லை.

“ஓம், கதைச்சன். சுகமா இரிக்கிறா.”

“சாப்பிட்டாவாமோ?”

“ஓம்.”

“என்ன கறியாம்?”

“சூடை மீன்.”

அவர் இருக்கையில் சாய்ந்து சிரித்தார். நான் அந்தச் சிரிப்பைப் பார்க்கவில்லை, கேட்டேன். அதற்குப் பிறகு அவர் கேட்ட போதெல்லாம் மச்சாள் சுகமாக இருந்தார். ஒரு தரம் சந்தைக்குப் போயிருந்தார், ஒரு தரம் கோயிலுக்கு. ஆமையைக் கடந்தபோது அவர் கைதட்டி, “அக்காவுக்குப் படம் அனுப்பவேணும்” என்றார்.

நகரம் கிட்ட வரக் கைப்பேசிக்கு உயிர் வந்தது. நிவேதா அழைத்தாள். “அம்மா, சா வா? எங்க நிக்கிறீங்க?” என்று பிரெஞ்சும் தமிழுமாகச் சுகம் கேட்டாள். இவர்தான் ஒலிபெருக்கியில் பதில் சொன்னார். “அம்மா கார் ஓட்டுறா, பிள்ளை. நல்லா ஓட்டுறா.”

திரும்பி வந்த மாதங்கள்

மருத்துவமனையில் அவருடைய தலையைப் படம் எடுத்தார்கள், இரத்தம் எடுத்தார்கள். இளம் பெண் மருத்துவர் ஒருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, பாரிசவாதம் இல்லை என்றார். இது அரிதாக வரும் ஒரு மறதி. சில மணி நேரத்துக்கு மூளை புதிதாக எதையும் பதிந்துகொள்ளாது. அதற்கு முந்திய சில மாதங்களும் மங்கிப்போகும். தானாக வந்த மாதிரித் தானாகப் போகும். பெரிய களைப்போ, திடீர்க் குளிரோ, மனதை அடித்த ஏதாவதோ முன்னால் இருந்ததா என்று கேட்டார். ஐஸ்தண்ணீரைச் சொன்னேன். மச்சாளையும் சொன்னேன். இரண்டையும் குறித்துக்கொண்டார். தொலைந்த மாதங்கள் திரும்பிவிடும், இன்றைய மத்தியானம் மட்டும் வராது என்றார்.

பின்னேரம் போகப் போகக் கேள்விகளுக்கிடையில் இடைவெளி கூடியது. விமானத்தில் வந்தது ஞாபகம் வந்தது. வாடகைக் காரின் நிறம் ஞாபகம் வந்தது. தாதி கொண்டுவந்த ஜெலியைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், கரண்டியை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்தபடி இருந்தார். எனக்குத் தெரிந்துவிட்டது.

“அக்கா இல்லை, என்ன” என்றார்.

“ஓம்.”

தலையாட்டினார். கரண்டியை எடுத்து மிச்சத்தையும் சாப்பிட்டார். கண் காய்ந்தே இருந்தது.

அவருக்கு முதல் தரம்

இரண்டொரு நாள் ஓய்வெடுத்த பிறகு, அவர் கார் ஓட்டக் கூடாது என்ற கட்டளையோடு விட்டார்கள். நேரே விமான நிலையத்துக்குப் போவோம் என்று நான் சொன்னேன். அவர் கைப்பேசியில் தன் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மத்தியானத்தோடு காலையும் சேர்ந்து போயிருந்தது.

“நான் இதெல்லாம் பார்க்கேல்லை” என்றார்.

ஆகவே நான் ஓட்டினேன். இப்போது எல்லாவற்றிலும் நிறுத்தினேன். ஆமையின் முதுகில் ஏறினார். சப்பாத்து மரத்தடியில் வந்து நின்று அண்ணாந்து பார்த்தார். இந்தத் தரம் யார் ஏறிக் கட்டினது என்று கேட்கவில்லை. காற்றுக்குச் சப்பாத்துகள் ஒன்றோடொன்று மோதிச் சத்தமிட்டன.

“காருக்குள்ள நான் என்ன எல்லாம் கதைச்சனான்?” என்றார் என்னைப் பார்க்காமல்.

“கேட்ட கேள்வியையே கேட்டீங்க. மச்சாளைக் கேட்டீங்க.”

“என்ன சொன்னீர்?”

“சுகமா இரிக்கிறா எண்டு சொன்னன். சூடை மீன் கறியோட சாப்பிட்டா எண்டும் சொன்னன்.”

“ஒவ்வொரு தரமும் அப்பிடியோ?”

“முதல் தரம் உள்ளதைச் சொல்லிட்டன்.”

அவர் என் பக்கம் திரும்பினார்.

“அப்ப நான் என்ன செய்தனான்?”

“அழுதீங்க.”

“நானோ?”

“ஓம். நான் காரை நிப்பாட்டிப் போட்டு உங்களப் பிடிச்சுக்கொண்டு இரிந்தன். அக்கா அக்கா எண்டு கூப்பிட்டு அழுதீங்க. அப்பிடி ஒரு ஆள் அழுது நான் கேட்டதில்ல.”

கீழே விழுந்து கிடந்த ஒரு சின்னச் சப்பாத்தைக் காலால் ஓரமாக நகர்த்தினார். பிறகு, அலுவல் ஒன்று முடிந்ததா என்று உறுதிப்படுத்துகிறவர் மாதிரிக் கேட்டார்.

“நல்லா அழுதனானோ?”

“நல்லா அழுதீங்க.”

“சரி. அப்ப அது காணும், போதும்” என்றார். காருக்குள் ஏறி, பட்டியைத் தானே பூட்டிக்கொண்டார்.